விலை ஏன் ஏறுகிறது என்கிற படிப்பு

கந்தப்பளை
11.08.2024

அன்புள்ள பூரணிக்கு,

இங்கே மாமா சுகம், அத்தை சுகம், உன் அண்ணன் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை போன தடவை வந்தபோது பார்த்த மாதிரியே எலும்பும் தோலுமாகத்தான் திரிகிறாயா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். சுவரோடு சுவர் ஒட்டிய நம் லயத்தில் போன் பேசும் லட்சணம் உனக்குத் தெரியாதா? நான் இங்கே 'ஹலோ' என்றால் கடைசிக் காம்பராவிலிருந்து 'யாரு, பூரணியா?' என்று கேட்கிறார்கள். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை.

எனக்குக் கெம்பஸ் கிடைத்துவிட்டது, பூரணி. மட்டக்களப்பு. டவுனில் கொமினிகேஷன் கடையில் பார்த்தேன். நம்பாமல் சுட்டெண்ணைத் திரும்பவும் அடிக்கச் சொன்னேன். கடைக்காரப் பையன், 'அக்கா, எத்தன தரம் அடிச்சாலும் ஒங்க பேருதான் வரும்' என்றான்.

நீயும் நானும் ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம். நீ முதல் தடவையே பேராதனைக்குப் போய்விட்டாய். நான் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதி, ரிசல்ட்டுக்குக் காத்து, அதற்குப் பிறகு இதற்குக் காத்து, இது வருவதற்குள் உனக்கு அண்ணியாகிவிட்டேன். மாமா பாரிசவாதத்தில் விழுந்தபோது, உன்னைப் படிப்பை விட்டு வரச்சொல்வதா, உன் அண்ணனுக்குக் கல்யாணம் செய்துவைப்பதா என்று உங்கள் வீட்டில் நடந்த பேச்சு எனக்கும் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் அண்ணன் நல்லவர்.

ஆனால் இப்போது இது வந்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் பதிய வேண்டும். பொருளியல் எடுத்தால் முதல் வருடத்திலேயே பேரினப் பொருளியல் இருக்கிறதாம். நீ அதைப் படித்து முடித்தவள். வகுப்பு எப்படி இருக்கும்? என்ன கேட்பார்கள்? நான் தாக்குப்பிடிப்பேனா? உள்ளதை உள்ளபடி எழுது.

உன் அண்ணனிடம் சொன்னேன். 'பாப்பம்' என்றார். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

பதிலை டவுனில் மூக்கன் கடை விலாசத்துக்குப் போடு. தோட்டத்து ஆபீசுக்கு வந்தால் கைக்கு வருவது எப்போதோ.

உன் அண்ணி (எழுதும்போதே சிரிப்பு வருகிறது),
கிருஷாந்தி


பேராதனை
20.08.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மிகவும் சந்தோஷம். விடுதியில் என்னோடு இருக்கும் பிள்ளைகளிடமும் சொன்னேன்.

நீங்கள் உள்ளபடி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஏ.எல்.லுக்குப் படித்ததுதானே என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தலைப்புகள் எல்லாம் தெரிந்தவைதான். மொத்த உள்நாட்டு உற்பத்தி, பணவீக்கம், வேலையின்மை, மத்திய வங்கி. அங்கே நாம் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி எழுதினோம். இங்கே அது உதவாது. கூட்டுக் கேள்வியையும் (டிமாண்ட்) கூட்டு நிரம்பலையும் (சப்ளை) இரண்டு கோடாகக் கீறச் சொல்வார்கள். வட்டி வீதம் ஏறினால் எந்தக் கோடு எந்தப் பக்கம் நகரும், ஏன் நகரும் என்று கேட்பார்கள். கோட்டைத் தப்பாக நகர்த்திவிட்டால் அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக எழுதினாலும் தப்புத்தான்.

விரிவுரையில் பாதி ஆங்கிலம். புத்தகங்கள் முழுவதும் ஆங்கிலம். முதல் சில வாரங்கள் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பலகையில் இருந்ததை அப்படியே கீறிக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கணக்கும் உண்டு. எங்களோடு படித்தவர்களில் நிறையப் பேர் முதல் தடவை விழுந்தார்கள்.

அப்பாவுக்கு இப்போது எப்படி? மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? அம்மா விடியப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தால் பொழுது சாயத்தான் தேயிலை மலையிலிருந்து வருகிறார். வேலையை விடவும் முடியாது, விட்டால் தோட்டத்தார் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். அண்ணன் ஆட்டோவோடு டவுனில். பகலில் அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பது யார்? வெளிக்குக் கூட்டிப்போவது யார்? கஞ்சி வாயோரம் வழிந்தால் துடைக்க ஆள் வேண்டும். தனியாக இருந்தால் அவர் பயப்படுவார். போன வருடம் ஒரு நாள் தனியாக விட்டதற்கே அழுதார் என்று அம்மா சொன்னார்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அண்ணி. நன்றாக யோசியுங்கள். இதே பட்டத்தை வெளிவாரியாகவும் படிக்கலாம். வீட்டிலிருந்தே படிக்கலாம்.

என் நோட்ஸைப் போட்டோகொப்பி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். என் எழுத்து உங்களுக்குப் புரியும்.

அன்புடன்,
பூரணி


கந்தப்பளை
01.09.2024

அன்புள்ள பூரணிக்கு,

கடிதமும் நோட்ஸ் கட்டும் கிடைத்தன. என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். ஒரே லஞ்ச்ஷீட்டில் சோறு தின்றவர்கள் நாம். கல்யாணத்தன்று மணவறையில் வைத்துக்கூட 'அடியே, சேல எறங்குது' என்று என் காதில் சொன்னவள் நீ. இப்போது என்ன திடீரென்று மரியாதை?

உன் நோட்ஸை மத்தியானங்களில் படிக்கிறேன். மாமாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே சத்தமாக வாசிப்பேன். அவருக்கும் பொழுது போகிறது. போன வாரம் 'ஊழியப்படை' என்ற பகுதி வந்தது. வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் மட்டும்தான் ஊழியப்படையாம். வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள் அதில் சேர்த்தி இல்லை. வேலையில்லாதவள் என்றும் அவளைச் சொல்லமாட்டார்களாம். மாமா கோணிய வாயைத் திறந்து, 'அப்ப நானு?' என்றார்.

'நீங்களும் வெளியதான் மாமா.'

'சரி, ரெண்டு பேருமா வெளிய ஒக்காந்துருப்பம்' என்றார்.

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சிரித்ததில் கஞ்சி என் மேலெல்லாம் தெறித்தது. அவர் இப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். தினமும் நடக்க வைக்கிறேன், திட்டிக்கொண்டே நடக்கிறார். நீ அடுத்த முறை வரும்போது பார்.

உன் அண்ணனிடம் மறுபடியும் பேசினேன். 'அப்பாவ யாரு பாக்குறது?' என்றார். 'நீங்க இருக்கீங்க, அத்தை இருக்காங்க' என்றேன். 'நான் ஆட்டோ ஓட்டுறதா, வீட்டுல ஒக்கார்றதா?' என்று கேட்டுவிட்டு எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய ஆட்டோவைத் திரும்பவும் கழுவினார். அவர் கோபக்காரராக இருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசுவேன். அவர் அப்படி இல்லை. அதுதான் கஷ்டம்.

உன் கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். பாடத்தைவிட மாமாவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிகிறது, பூரணி. நான் போனால் உன்னைக் கூப்பிடுவார்கள். அதை நீ எப்படி எழுதுவாய்? எழுதவும் முடியாது.

நான் பதியப்போவதில்லை. ஒருத்தியாவது முடிக்கட்டும். உன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதே.

நோட்ஸை மட்டும் திருப்பிக் கேட்காதே. கஞ்சி நேரத்துக்கு வேண்டும்.

கிருஷாந்தி


பேராதனை
09.09.2024

என் கிருஷாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதியைத்தான் எழுதினேன். மற்றப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

முதல் பருவம் பாதி தாண்டியபோது ஒரு வகுப்பு. விரிவுரையாளர் பலகையில் ஒரு கோடு கீறினார். நாட்டின் கையிருப்பில் இருந்த டொலர். கோடு இறங்கி, இறங்கி, தரையைத் தொட்டது. அதற்குக் கீழே வருடங்களை எழுதினார். அவர் 2022 என்று எழுதியபோது எனக்கு அம்மா மண்ணெண்ணெய்க் கானோடு வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. அதற்கு முந்திய வருடத்தில் கந்தப்பளைத் தோட்டக்காரர்கள் உரம் இல்லாமல் சுருண்ட முட்டைக்கோவாவைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டது ஞாபகம் வந்தது. நீயும் நானும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனோமே, பஸ்ஸுக்கு டீசல் இல்லாமல்! அப்போதெல்லாம் அப்பா 'நம்ம தலையெழுத்து' என்பார். தலையெழுத்து இல்லை, கிருஷா. யாரோ சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவுகள். ஒன்றிலிருந்து ஒன்றாக அது எப்படி நம் அடுப்புவரை வந்தது என்று அந்த ஒரு மணி நேரத்தில் விளங்கியது. எனக்குக் கோபமும் வந்தது, நெஞ்சு லேசாகவும் ஆனது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் முதலில் உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன்.

அந்த வகுப்பில் நீ இருக்க வேண்டும். ஆங்கிலம் போகப் போக வரும். எனக்கே வந்ததே!

ஞாயிற்றுக்கிழமை நான் நுவரெலியாவுக்கு வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் ஆட்டோ நிறுத்துகிற இடத்தில் அண்ணனைப் பார்த்துப் பேசினேன்.

'கிருஷா போகட்டும்ணே' என்றேன்.

'போனா அப்பாவ யாரு பாக்குறது? நீ வாறியா?'

'நீ பாரு.'

'நானா? குளிப்பாட்டி, துணி மாத்தி... அதெல்லாம் பொம்பளைங்க செய்யிறது பூரணி.'

'அப்பாவும் ஆம்பளதானே. ஆம்பளயக் குளிப்பாட்ட எதுக்கு மருமக? அவருக்கே வெக்கமா இருக்கும்னு நீ நெனச்சதே இல்லியா?'

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர்கள் இருவர் வந்து கிரகரி வாவிக்குப் போக வேண்டும் என்றார்கள். பின்னால் நிற்கிற ஆட்டோவைக் கைகாட்டி அனுப்பிவிட்டான். அவர்கள் போன பிறகு, 'எனக்குத் தெரியாதே, எப்பிடிப் புடிச்சுத் தூக்குறதுனு' என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அவனுக்கு மனம் இல்லை என்று நினைத்திருந்தேன். அவனுக்குத் தெரியவில்லை, கேட்க வெட்கம், அவ்வளவுதான்.

காலையும் பின்னேரமும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற ஓட்டம் மட்டும் ஓடுவதாகச் சொல்கிறான். நடுவில் வீட்டில் இருப்பான். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன், திங்கள் விடியப் போவேன். அவனுக்கு எப்படித் தூக்குவது என்று நீ சொல்லிக்கொடு.

போய்ப் பதி. எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் போய்ப் பதி.

பூரணி


மட்டக்களப்பு
20.10.2024

அன்புள்ள பூரணிக்கு,

வந்து சேர்ந்தேன். இந்த ஊர் வெயிலில் நான் வடகமாகிவிடுவேன் போல இருக்கிறது. பக்கத்துக் கட்டில் ஷாமிலா அட்டன்காரி. நாங்கள் 'என்னா' என்றால் இந்த ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் 'என்ன கா' என்றால் நாங்கள் சிரிக்கிறோம். அப்படியே சிநேகமாகிவிட்டோம்.

உன் அண்ணன் பதுளைவரை கூட வந்தார். மட்டக்களப்பு பஸ்ஸில் என் பையை மேலே வைத்துவிட்டு இறங்காமல் நின்றார். போகிறாயா, இறங்குகிறாயா என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்ட பிறகுதான் இறங்கினார். ஜன்னலுக்குக் கீழே வந்து, 'அப்பாவுக்குச் சோப்புப் போட்டா கண்ண மூடச் சொல்லணுமா, தானா மூடுவாரா?' என்று கேட்டார். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒரு புருஷன் கேட்கிற கேள்வியா இது? நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். பஸ் திரும்பிய பிறகுதான் அழுதேன்.

அத்தை வாசலில் நின்றார். போகாதே என்றும் சொல்லவில்லை, போய்வா என்றும் சொல்லவில்லை. கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அது எனக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பேரினப் பொருளியல் தொடங்கிவிட்டது. முதல் நாள் ஒரு வட்டம் கீறினார்கள். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கம்பனிகள். வீட்டிலிருந்து உழைப்பு போகிறது, கம்பனியிலிருந்து சம்பளம் வருகிறது, அது திரும்பப் போகிறது. அம்புக்குறிகளை நான் உன் நோட்ஸில் பார்த்ததுதான். ஆனாலும் விரிவுரையாளர் கையால் கீறும்போது வேறு மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் பேசினால் எனக்குப் பாதி போய்விடுகிறது. பிடித்துவிடுவேன்.

உன் கிருஷா


மட்டக்களப்பு
06.01.2025

பூரணி,

பேரினப் பொருளியல் இடைப் பரீட்சையில் விழுந்துவிட்டேன். அரசாங்கம் செலவைக் குறைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. எனக்குத் தெரியும். கேள்விக் கோட்டை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். நிரம்பல் கோட்டை நகர்த்தியிருக்கிறேன். பலகையில் ஒட்டியிருந்த பட்டியலைக் கீழிருந்து பார்த்தேன், சீக்கிரமே என் பெயர் கிடைத்தது.

அன்றைக்குத்தான் மாமா விழுந்த கதையும் தெரிந்தது. உன் அண்ணன் சொல்லவில்லை. போனில் மாமாவே உளறிவிட்டார். நான் அங்கே இருந்தால் விழுந்திருப்பாரா? இங்கே உட்கார்ந்து நான் என்ன கிழித்தேன்?

பொங்கலுக்கு முன்னும் பின்னும் வகுப்பு இருக்கிறது, வரமுடியாது. மாதக் கடைசியில் வருவேன். வந்தால் திரும்பிப் போவேன் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பக்குவமாகச் சொல்.

கிருஷாந்தி


கந்தப்பளை
19.01.2025

என் கிருஷாவுக்கு,

விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். விஷயத்தை அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். நான் பொங்கலுக்கு முதல் நாள் அடுப்படியில் உட்கார்ந்து உன் கடிதத்தை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அப்பா. அவர் விழுந்தது உண்மை. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஏன் விழுந்தார் தெரியுமா? அண்ணன் குளிப்பாட்டுவதற்குள் தானே போய்க் குளித்துவிட வேண்டும் என்று கம்பை எடுத்துக்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் கிளம்பியிருக்கிறார். 'இவன் மாட்டக் கழுவுற மாதிரி கழுவுறான்' என்கிறார். அண்ணன், 'கிருஷா எப்பிடி ஊத்துவா, அதச் சொல்லுங்கப்பா' என்று கேட்டுக் கேட்டு ஊற்றுகிறான். இரண்டு பேரும் முன்பு இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அப்பா தானாக எழுந்து வாசலைத் தாண்டிப் போனார் என்பதை நீ கவனிக்கவில்லையே?

இப்போது அம்மா கதை. நீ போன நாளிலிருந்து அம்மா லயத்தில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? அக்கரப்பத்தனைக்கு மாறிப்போன உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி, பார்த்துக்கொள்ள மருமகள் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று. எங்களுக்கே தெரியாது. மூன்று மாதமாக எல்லோரும் 'அவ அப்பாவுக்கு எப்பிடி அழகம்மா?' என்று கேட்க, இவரும் 'இருக்காரு, இருக்காரு' என்று சமாளித்திருக்கிறார்.

பொங்கலன்று மத்தியானம் சோலைமலை மாமா, உன் அப்பா, பொங்கல் சீரோடு வந்து இறங்கினார். தலையில் ஒரு மூட்டை கேரட். ரோட்டிலிருந்து படிகளில் மூச்சுக்கூட வாங்காமல் ஏறி வருகிறார். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பெண்கள் கூட்டம். அம்மாவும் குடத்தோடு நிற்கிறார், பின்னால் நான். பக்கத்துக் காம்பரா அந்தோனியம்மா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, 'அய்யோ அண்ணே, நெஞ்சுவலிய வச்சுகிட்டு மூட்டையா தூக்குறீங்க?' என்றார்.

'யாருக்கு நெஞ்சுவலி?' என்றார் உன் அப்பா.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே தண்ணீரோடு தண்ணீராக ஓடிவிடலாம் போல இருந்தது. அம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

'நாந்தான் பொய் சொன்னேன்' என்றார். 'எம் மருமக மட்டக்களப்புக் கெம்பஸ்ல படிக்கிறா. கட்டிக்குடுத்த புள்ள புருசன விட்டுட்டுப் போயிட்டாம்பீங்க. அதுக்குத்தான் சொன்னேன்.'

பீலிக்குக் கீழே யாருடைய குடமோ நிரம்பி வழிந்தது. பிறகு அந்தோனியம்மா அக்கா, 'என்னா படிப்பு?' என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். 'சாமான் வெல ஏன் ஏறுதுனு படிக்கிற படிப்பு.'

'படிச்சுட்டு வந்து வெலய எறக்கிருவாளா?'

'மொதப் பரீச்சையில விழுந்துட்டா. இன்னொரு தரம் எழுதட்டும். எழுதிட்டு வந்தப்பறம் அவகிட்டயே கேளு' என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். உன் அப்பா ஒன்றும் புரியாமல் மூட்டையோடு பின்னால் வந்தார். மறுநாள் பெரட்டுக்களத்தில் வேறு டிவிஷன் பெண்கள்கூட அம்மாவிடம் விசாரித்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பரீட்சையைப் பற்றி நான் என்ன சொல்வது? கோடு மாறிப்போனது உனக்கே தெரிந்திருக்கிறது. கடைசிப் பரீட்சை இருக்கிறது. மாதக் கடைசியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா, இரண்டு பேரும் உட்கார்ந்து கீறுவோம். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போ. நீ தங்கிவிடப் போகிறாய் என்று படித்ததும் அண்ணன் எழுந்து போய் உன் பெரிய பையை எடுத்து, அறுந்திருந்த கைப்பிடியைத் தைத்து வைத்திருக்கிறான்.

உன்னை ஏற்றிவிட இந்தத் தடவை அம்மாவும் வருகிறாராம். பதுளைவரை இல்லை, மட்டக்களப்புவரை. கெம்பஸ் வாசலைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பதுளைக்கு அப்பால் அவர் போனதே இல்லை. அங்கே ஸ்வெட்டர் போட வேண்டுமா என்று காலையிலிருந்து கேட்கிறார். வேண்டாம் என்று நான் சொன்னால் நம்பவில்லை. அவருக்கு நீயே ஒரு வரி எழுது.

அன்புடன்,
பூரணி